கைக்கு ஒரு கயிறு

வலி உச்சத்துக்கு வந்தபோது என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே எதையோ தேடின. அங்கே ஒன்றும் இல்லை. பச்சை டைல்ஸ் பதித்த சுவர்தான் இருந்தது. கால்கள் இரண்டையும் இரும்புத் தாங்கிகளில் தூக்கி வைத்திருந்தார்கள். "கையைக் கீழ வைம்மா, ஆட்டாத, ட்ரிப் கழண்டுரும்" என்றார் செவிலியர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு அந்த அறையில் மூன்று பேரை அவர் ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேசையின் ஓரத் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் உள்ளங்கையில் அந்த விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அப்பத்தா கேட்டாள். வலி எப்படி இருந்தது, எத்தனை மணி நேரம் ஆனது, தையல் எத்தனை என்று எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள். அவள் கேட்டது வேறு: "எதப் புடிச்சுக்கிட்ட?"

தகட்டை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எங்களுக்கெல்லாம் உத்தரத்துல கயிறு போட்டுக் குடுத்தாக. கெணத்துக் கயிறு. அதப் புடிச்சுக்கிட்டுக் குந்துனாப்புல இருந்தேன். எங்க மதினி பின்னால உக்காந்து முதுகுக்கு முட்டுக் குடுத்தாக. வலி வர்றப்பத் தொங்குவேன். விட்டதும் மதினி மேல சாஞ்சுக்குவேன்."

முட்டுக் கொடுப்பது என்ற சொல்லை வாழைத் தோட்டத்தில் கேட்டிருக்கிறேன். தார் போட்ட வாழை ஒரு பக்கமாகச் சாயும்போது கவைக்கம்பு ஒன்றை ஊன்றி நிறுத்துவார்கள். அந்தக் கம்பு தாரைச் சுமப்பதில்லை. சுமப்பது வாழைதான். விழாமல் சுமக்க அதற்கு ஓர் ஊன்றல் வேண்டும், அவ்வளவுதான். பிரசவத்தில் இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு பெண் செய்வதற்கும் அதே சொல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாமல் போனால் அது பொய்யாகிவிடும். அப்பத்தா பெற்றது ஏழு, தங்கியது நாலு. அவளுடைய தங்கை நஞ்சு விழாமல் இரத்தம் போய், வண்டி கட்டி டவுனுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனாள். அந்தக் கயிறு தொங்கிய வீட்டில் இரத்தம் ஏற்ற வழி கிடையாது, இரத்தப்போக்கை நிறுத்த ஊசி கிடையாது. அந்தக் காலத்துக்கு என்னைத் திருப்பி அனுப்பினால் நான் போகமாட்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. பல வருடங்களாக, எங்கே ஒரு பிரசவக் காட்சியைப் பார்த்தாலும், அந்தப் பெண்ணின் கைகள் எங்கே இருக்கின்றன என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அமராவதி ஸ்தூபியின் கற்பலகை ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புத்தரின் தாய் மாயாதேவி கண்ட கனவு, அந்தக் கனவுக்குப் பலன் சொல்லுதல், பிள்ளை பிறத்தல், பிறந்த பிள்ளையை யக்ஷனிடம் காட்டுதல் என்று நான்கு காட்சிகள். பிறப்புக் காட்சியில் மாயாதேவி நிற்கிறாள். கை உயர்ந்து மரக்கிளையைப் பற்றியிருக்கிறது. பக்கத்தில் தேவர்கள் நீண்ட துணியை ஏந்தி நிற்கிறார்கள். துணியில் பிள்ளை இல்லை, சின்னஞ்சிறு பாதச் சுவடுகள் மட்டும். லும்பினியில் அவள் பிடித்தது சால மரத்தின் கிளை என்பது பௌத்த மரபு.

குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் மர்யம் தனியாக இருக்கிறார். பிரசவ வேதனை அவரை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த மரத்தை உலுக்கினால் கனிந்த பழம் உதிரும் என்று ஆறுதல் குரல் வருகிறது. கிரேக்கர்களின் லேட்டோ டெலோஸ் தீவில் பேரீச்ச மரத்தைக் கட்டிக்கொண்டு, புல்தரையில் முழங்காலை ஊன்றி அப்போலோவைப் பெறுகிறாள். மூன்று தேசம், மூன்று நம்பிக்கை. மூன்றிலும் பெண் படுத்திருக்கவில்லை, மூன்றிலும் ஒரு மரம் இருக்கிறது. இவற்றைச் சொன்னவர்களும் செதுக்கியவர்களும் பெரும்பாலும் ஆண்களாகத்தான் இருந்திருப்பார்கள். பிள்ளை பெறும் இடத்துக்குள் அவர்கள் கால் வைத்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் அவளுக்கு ஒரு பிடி வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மரம் இல்லாத இடத்தில் மனிதர்கள் பிடியையும் இருக்கையையும் செய்துகொண்டார்கள். எகிப்தியர்களின் சித்திர எழுத்தில் ‘பிரசவம்’ என்பதற்கான உருவம், குந்தியிருக்கும் பெண்ணும் அவளுக்குக் கீழே வெளிப்படும் குழந்தையின் தலையும் கைகளும்தான். செங்கற்களை அடுக்கி, அவற்றின் மேல் இரு பாதங்களையும் வைத்துக் குந்துவது அவர்கள் வழக்கம். அந்தச் செங்கல்லுக்கே ஒரு தெய்வம் உண்டு: மெஸ்கெனெட், பெண் முகம் கொண்ட செங்கல். 2001இல் அபிடோஸில் அகழ்வாய்வு செய்தவர்களுக்கு அப்படியொரு செங்கல்லே கிடைத்தது. வயது ஏறக்குறைய 3,700 ஆண்டுகள். அதில் ஒரு தாய் பிள்ளையை ஏந்தியிருக்கிறாள், உடன் பெண்கள் இருக்கிறார்கள். எபிரெய மருத்துவச்சிகளுக்கு எகிப்திய அரசன் கட்டளையிடும் இடத்தை மொழிபெயர்த்த தமிழ் விவிலியக்காரர்கள், அந்தப் பிரசவ இருக்கைக்கு ‘மணை’ என்று எழுதினார்கள். நம் வீட்டுச் சொல் எவ்வளவு பொருத்தமாக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த சொரானஸ், பிரசவ நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்று தச்சனுக்குச் சொல்வதுபோல எழுதியிருக்கிறார். உட்காரும் பலகையில் பிறை வடிவத்தில் ஒரு திறப்பு, இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கக் கைப்பிடி, சாய முதுகுப் பலகை. அத்தோடு மூன்று பெண்கள் துணைக்கு வேண்டும் என்கிறார். இருவர் பக்கவாட்டில், ஒருவர் பின்னால். பின்னால் இருப்பவள் பிரசவிப்பவள் ஆடிப்போகாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். அப்பத்தாவின் மதினி உட்கார்ந்திருந்த அதே இடம்.

பிறகு எப்போது படுக்க வைத்தார்கள்? இதற்கு ஒரே நாள், ஒரே ஆள் என்று காட்ட முடியாது. ஆனால் ஒரு புத்தகத்தைக் காட்டலாம். 1668இல் பாரிஸில் பிரான்சுவா மோரிசோ வெளியிட்ட நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. பிரசவ நாற்காலி வேண்டாம், கட்டிலே போதும் என்றார் அவர். அந்த நூலின் தலைப்பிலேயே கருவுற்ற பெண்களின் ‘நோய்கள்’ என்ற சொல் இருக்கிறது. நோயாளிக்கு ஏற்ற இடம் கட்டில்தானே? அந்த நூற்றாண்டில்தான் ஆண் வைத்தியர்கள் பிரசவ அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். ஆயுதம் போட்டு எடுக்கும் குறடும் வந்துகொண்டிருந்தது. குறடு பிடிப்பவருக்குப் பெண் மல்லாந்து கிடப்பதுதான் வசதி. மயக்க மருந்து வந்த பிறகு கேட்கவே வேண்டாம், நினைவில்லாதவள் எப்படிக் குந்துவாள்? என் கால்களைத் தூக்கி வைத்திருந்த அந்த நிலைக்கு மருத்துவர்கள் லித்தாட்டமி என்று பெயர் சொல்கிறார்கள். கல்லை வெட்டி எடுத்தல் என்பது அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருள். மூத்திரப்பைக் கல்லை அறுத்தெடுக்க அக்காலத்தில் நோயாளியைக் கிடத்திய விதம் அது. கல்லை எடுக்கக் கிடத்திய கிடப்பிலேயே பிள்ளையையும் எடுக்கிறோம்.

உடலின் அமைப்பைக் கேட்டால் அது வேறு சொல்கிறது. பிள்ளை வரும் வழி நேர்க்குழாய் அல்ல, முன்பக்கமாக வளையும் பாதை. மல்லாந்து படுத்தால் அந்த வளைவின் கடைசிப் பகுதி மேல்நோக்கி ஏறுகிறது, தாய் மேட்டில் தள்ள வேண்டியிருக்கிறது. வாலெலும்பு பின்னோக்கி நகர்ந்து வழிவிடக்கூடியது. முழு எடையும் அதன் மேல் அழுந்தினால் அது நகர முடியாது. நிறைமாதக் கருப்பை முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய சிரையை நசுக்குவதும் உண்டு. அப்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, தாய்க்குத் தலை சுற்றுகிறது, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவதும் குறைகிறது. "ஒருக்களிச்சுப் படும்மா" என்று நிறைமாதக்காரிக்குச் சொல்லாத மருத்துவர் இல்லை. லேபர் டேபிளுக்கு வந்ததும் அந்த அறிவுரை அறை வாசலில் நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் மருத்துவர்கள் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் ஏங்கல்மன் 1882இல், உலகின் பல பகுதிப் பெண்கள் எப்படிப் பிள்ளை பெறுகிறார்கள் என்று திரட்டி ஒரு நூலே எழுதினார். குந்தியும், மண்டியிட்டும், கயிற்றில் தொங்கியும், மடியில் சாய்ந்தும் அவர்கள் நிலையை மாற்றிக்கொண்டே இருப்பதைப் படங்களோடு காட்டினார். நூலின் தலைப்பில் அந்தப் பெண்களின் மக்களை ‘ஆதிக்குடிகள்’ என்றார். அந்த ஒரு சொல்லே போதும், படித்தவர்கள் அதை வேடிக்கையாக மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்க.

நான் இங்கே நின்று சொல்ல விரும்புவது பெருவின் அயாகூச்சோ பகுதியைப் பற்றி.

ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் நாட்டுப்புறம் அது. பேச்சு கெச்சுவா. 1980இல் ‘ஒளிரும் பாதை’ இயக்கம் ஆயுதம் எடுத்தது அந்த மண்ணில்தான். போராளிகளுக்கும் ராணுவத்துக்கும் நடுவே கெச்சுவா மக்கள் செத்து விழுந்தார்கள். அது ஓய்வதற்குள், 1990களின் பிற்பகுதியில் அதிபர் ஃபுஜிமோரி ஆட்சியின் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான மலைநாட்டுப் பெண்கள், முறையான சம்மதம் இல்லாமலே கருத்தடை அறுவைக்கு ஆளானார்கள். அரசாங்கக் கட்டடத்துக்குள் போய்ப் படுத்துக்கொள் என்று அவர்களிடம் சொன்னால் எப்படிப் போவார்கள்?

அங்கே சாந்தியானா வட்டாரத்தில் 1999இல், பிரசவங்களில் நூற்றுக்கு 6 மட்டுமே சுகாதார நிலையத்தில் நடந்தன. தாய்மார் வீட்டில் செத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இத்தகைய இடங்களில் அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வருவார்கள்: மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. அங்கே ஹெல்த் அன்லிமிடெட் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் வேறொன்று செய்தார்கள். பெண்களிடம் போய், ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்கள்.

பெண்களிடம் காரணங்கள் தெளிவாக இருந்தன. பேசும் மொழி புரியவில்லை. புருஷனையும் தாயையும் வெளியே நிறுத்துகிறார்கள். நாங்கள் நம்பும் மருத்துவச்சியை உள்ளே விடுவதில்லை. அந்நியர் முன்னால் துணியை அவிழ்க்கச் சொல்கிறார்கள். அறை குளிர்கிறது. மலைநாட்டில் பிள்ளை பெறுபவளைக் குளிரில் கிடத்துவது கொலைக்குச் சமம் என்பது அவர்கள் எண்ணம், நம் ஊரில் பிள்ளை பெற்றவள் காதுக்குப் பஞ்சு வைப்பதுபோல. நஞ்சைக் குப்பையில் போடுகிறார்கள், எங்களுக்கு அதைப் புதைக்க வேண்டும். எல்லாவற்றோடும் இதுவும்: படுக்கச் சொல்கிறார்கள். எங்களுக்குக் குந்தித்தான் பெற வரும்.

அதைக் கேட்டவர்கள் அறையை மாற்றினார்கள். பிடித்துத் தொங்க ஒரு கயிறு. உட்காரவும் பின்னால் ஒருவர் தாங்கவும் ஒரு பெஞ்சு. கெச்சுவாவில் பேசும் ஊழியர்கள். வீட்டாரும் மருத்துவச்சியும் உள்ளே வரலாம், புருஷன் பின்னால் உட்கார்ந்து தாங்கலாம். ஊசியும் மருந்தும் அதே அறையில் கையெட்டும் தூரத்தில் இருந்தன. சிக்கல் என்றால் மேலே அனுப்ப வழியும் இருந்தது.

2007இல் நூற்றுக்கு 83 பிரசவங்கள் அந்த நிலையத்தில் நடந்தன. 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது கட்டுரையாக வந்தபோது, அந்த 6, 83 என்ற இரண்டு எண்களையும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடம். கயிறு ஒன்றினால் மட்டும் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. மொழி, உறவு, சூடு, மரியாதை எல்லாம் சேர்ந்துதான் அது. ஆனால் அந்த அறைக்குள் நுழையும் கெச்சுவாப் பெண்ணின் கண்ணில், இது எனக்கான இடம் என்று முதலில் சொல்லியிருக்கக்கூடியது உத்தரத்திலிருந்து தொங்கிய அந்தக் கயிறுதான் என்று நினைக்கிறேன். 2005இலேயே பெருவின் சுகாதார அமைச்சகம், நிமிர்ந்த நிலைப் பிரசவத்துக்கென்று நாடு முழுமைக்குமான நெறிமுறை ஒன்றை வெளியிட்டுவிட்டது.

அந்த நாட்டுக்கு இது புதிதும் அல்ல. பெருவின் வடகடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்கள், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் வனைந்த மண்கலங்களில் பிரசவக் காட்சிகள் உண்டு. ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பின்னாலிருந்து ஒருவர் அணைத்துத் தாங்குகிறார். முன்னால் இருப்பவள் பிள்ளையை ஏந்துகிறாள்.

இனி ஆய்வுகள் சொல்வது. வலி தொடங்கிக் கருப்பை வாய் திறக்கும் முதல் கட்டத்தில், நடப்பதும் நிமிர்ந்திருப்பதும் நல்லது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. 25 ஆய்வுகளை, 5,218 பெண்களை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2013இல் வந்தது. நிமிர்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கட்டம் சுமார் ஒரு மணி 22 நிமிடம் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. முக்கிப் பெறும் இரண்டாம் கட்டம் அவ்வளவு நேரானது அல்ல. 2017இல் வந்த இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வின்படி, முதுகில் மரத்துப்போகும் ஊசி (எபிடூரல்) போடாத பெண்கள் நிமிர்ந்து பெற்றபோது குறடு, வாக்குவம் போடுவதும் கத்திரி வைப்பதும் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தன, பிள்ளையின் இதயத்துடிப்புக் கோளாறும் குறைந்தது. ஆனால் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனவர்கள் கூடுதல். எபிடூரல் போட்டுக்கொண்ட முதல் பிரசவக்காரிகளிடம் முடிவு தலைகீழ். பிரிட்டனில் 41 மருத்துவமனைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், ஒருக்களித்துப் படுத்திருந்தவர்களில் 41.1 சதவீதம் பேர் ஆயுத உதவியின்றித் தாமாகப் பெற்றார்கள். நிமிர்ந்திருந்தவர்களில் 35.2 சதவீதம்தான்.

எனக்கு இந்த முடிவு ஏமாற்றம் தரவில்லை. எல்லோரும் குந்தியே பெற வேண்டும் என்று கட்டளை போடுவதற்கும், எல்லோரும் மல்லாந்தே பெற வேண்டும் என்று போடுவதற்கும் பெரிய வித்தியாசத்தை நான் காணவில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 56 பரிந்துரைகளில், எபிடூரல் போட்டவளானாலும் போடாதவளானாலும் பிள்ளை பெறும் நிலையை அவள் விருப்பத்துக்கு விட ஊக்குவியுங்கள் என்றுதான் இருக்கிறது. விரும்புகிறவள் ஒருக்களித்துப் படுக்கட்டும். நாலு காலில் ஊன்றி நிற்கட்டும். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஆடட்டும். இரத்தப்போக்கைக் கவனிக்க வேண்டியது உடனிருக்கும் மருத்துவத்தின் வேலை. அதற்குத்தானே மருத்துவமனைக்கு வருகிறோம்?

நம்மிடம் வருகிறேன். தமிழ்நாட்டில் பெண்கள் மருத்துவமனைக்கு வராமல் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. அப்பத்தாவின் தங்கையைப்போல வண்டியில் சாகிறவர்கள் அரிதானதற்கு, நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இரவு பகலாக உழைத்தவர்களே காரணம். அவர்களை நான் வணங்குகிறேன். அதே கணக்கெடுப்பில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்றும் இருக்கிறது. அயாகூச்சோவில் வராத பெண்களை வரவழைக்க அறையை மாற்றினார்கள். நம் பெண்கள் வந்துவிட்டதனால்தான், அறையை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையோ என்று எனக்கு ஓர் ஐயம்.

வழி இல்லாமலும் இல்லை. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த லக்ஷ்யா திட்டம், உடன் ஒரு துணை இருப்பதையும் மரியாதையான கவனிப்பையும் வலியுறுத்துகிறது. ஹைதராபாத்தில் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011 முதல் மருத்துவச்சிகளைப் பயிற்றுவித்து வருகிறது. அந்தப் பயிற்சி தெலங்கானா அரசு மருத்துவமனைகளுக்கும் போனது. சென்னையிலும் கோவையிலும் சில தனியார் மருத்துவமனைகளில் உட்கார்ந்து ஆட ரப்பர் பந்தும், குந்திப் பெற ஸ்டூலும் இருக்கின்றன. அவை பணம் கட்ட முடிந்தவர்களுக்கு. கயிற்றுக்கு என்ன விலை? தரையில் விரிக்கும் ஒரு ரெக்சின் மெத்தைக்கு, சுவரில் பதிக்கும் ஒரு கைப்பிடிக் கம்பிக்கு, தச்சரிடம் சொல்லிச் செய்யும் ஒரு மணைக்கு என்ன விலை? இவற்றைவிட அரிதானது, மூன்று பேருக்கு ஒரு செவிலியர் என்பது மாறி ஒருத்திக்கு ஒருவர் என்று ஆவது. அது ஆகும்வரை முட்டுக் கொடுக்க ஒரு மதினியையாவது, ஒரு அம்மாவையாவது, ஒரு கணவரையாவது உள்ளே விடலாம்.

என் பிள்ளைக்கு இப்போது பதினேழு வயது. அப்பத்தா போய்விட்டாள். உங்கள் வீட்டில் ஒரு பெண் நிறைமாதமாக இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஸ்கேன், எடை, பிரஷர் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, அவள் சார்பாக இதையும் கேளுங்கள்: வலி வரும்போது இவள் எதைப் பிடித்துக்கொள்வாள்?